கடதாசி இல்லாத அச்சு

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் பஸ் எடுத்தார்கள். திருகோணமலை இருநூற்றைம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். என் மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பழந்துணியில் சுற்றிய வெள்ளைப் பிளாஸ்டிக் விசிறி.

சண்டைக்குப் பயந்து கட்டைபறிச்சான் கிராமத்தை விட்டு வந்த அக்கா குடும்பம், துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து முகாமில் இருந்தது. அங்கே குழாய்க் கிணற்றுப் பம்பின் உள்விசிறி உடைந்துவிட, சனம் கலங்கல் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தது. மாற்றுச் சாமான் எங்கும் இல்லை. உடைந்ததை அத்தான் எனக்கு அனுப்பியிருந்தார். நான் வேலை செய்த கம்பனிக்குப் புது மெஷின் ஒன்று வந்திருந்தது. கணினியில் வரைந்ததை, பிளாஸ்டிக்கை உருக்கி அடுக்கடுக்காக வைத்துப் பொருளாகவே ஆக்கிவிடும். உலோகம் ஆறினால் சுருங்கும் என்று அளவைக் கொஞ்சம் கூட்டி வரைந்தேன். மெஷின் ஆக்கித் தந்த இந்தப் பிளாஸ்டிக் விசிறியை மண்ணில் பதித்தெடுத்து, அந்தப் பள்ளத்தில் பித்தளை ஊற்றினால் புது விசிறி.

"கெதியா வா தம்பி. நிலாவுக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது" என்று அக்கா போனில் சொல்லியிருந்தாள். நிலா அவளுடைய மூன்று வயது மகள், அச்சு அசல் அக்காவேதான்.

பகல் ஒன்றரைக்குக் கந்தளாய் தாண்டிய சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். கொஞ்சம் தமிழ் தெரிந்த காவலர் டின்னைத் திறந்து என்னவென்று கேட்டார். எங்கள் தொழிலில் வாயில் வரும் சொல்லையே சொன்னேன்.

"அச்சு. கொழும்பில அச்சடிச்சது."

அவருக்குத் தெரிந்த அச்சு, துண்டுப் பிரசுரம் அடிக்கிற அச்சு. முகம் மாறியது.

"கடதாசி எங்கே?"

கடதாசி இல்லை, மெஷின் சாமானையே அச்சடிக்கும் என்று விளக்கப் போனேன். விளையாட்டுச் சாமான் என்றிருந்தால் விட்டிருப்பார். படித்த புத்தி சும்மா இருக்கவில்லை. பஸ் போய்விட்டது. கத்தியால் அதைப் பிளந்தார்கள். பிளாஸ்டிக் மிச்சம் பிடிக்க உள்ளே தேன்கூடு போல வெறுமையாக விட்டிருந்தோம். வெறுமையைக் கண்டதும் எதை ஒளிக்க என்று கேட்டார்கள். இரவு முழுக்கச் சாவடி மரவாங்கில் இருத்தினார்கள்.

சனி மத்தியானம் துண்டுகளோடு விட்டார்கள். நாற்பது கிலோமீற்றர் லொறியில் வந்து ஆஸ்பத்திரியில் நிலாவைப் பார்த்தேன். சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஞாயிறு காலை வார்ப்புப் பட்டறை. கிண்ணியாவைச் சேர்ந்த ரஷீத் நானா துண்டுகளை மெழுகால் ஒட்டினார். காணாமற்போன விசிறி இதழின் நுனியை மெழுகில் கையாலேயே பிடித்து வைத்தார்.

"கவலப்படாதீங்க தம்பி. இங்க ஆரு முழுசாக் கொண்டுவாற? எல்லாரும் உடைஞ்சதத்தான் கொண்டுவாற."

பித்தளை ஊற்றும்போது அத்தான் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நிலா இனி இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை பம்பு தண்ணீர் இறைத்தது. முகாமே வாளிகளோடு வரிசையில் நின்றது. அக்கா வரவில்லை. அந்தக் காவலர் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றும் ஆறவில்லை.

புதன்கிழமை திரும்பும்போது அதே சாவடி, அதே ஆள். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"இண்டைக்கு அச்சு இல்லையா?"

இல்லை என்றேன்.

கொழும்பில் மேலாளர் விசாரித்தார். விசிறிக்கு வரைந்த படம் கணினியில் பத்திரமாக இருக்கிறது, உடைந்தாலும் பயமில்லை, எத்தனை வேண்டுமானாலும் அச்சு அசலாக எடுக்கலாம் என்றார். அக்காவுக்குப் போன் எடுத்தபோது அதை நான் சொல்லவில்லை.