அரியமங்கலத்தில் வைத்த பனிக்கட்டி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் என் வேலையைச் சொன்னால் சிரிக்காதவர் இல்லை. "திருச்சி வெயில்ல உக்காந்துக்கிட்டு பனி ஆராய்ச்சியா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். இமயமலையில் வெட்டியெடுத்த என் பனிக்கட்டிகள் கல்லூரி ஃப்ரீசரில் பத்திரமாக இருந்தவரை எனக்கு அதில் கஷ்டமில்லை.

ஒவ்வொரு வருஷத்துப் பனியும் முந்தைய வருஷத்துப் பனியின் மேல் ஒரு படிவாக உட்காரும். அந்தந்த வருஷத்துத் தூசியும் காற்றும் அதற்குள் இருக்கும். அடுக்கு கலையாமல் இருந்தால்தான் எதையும் படிக்க முடியும். ஆழம் வாரியாகத் துண்டுபோட்டுத் தனித்தனிப் பைகளில் வைத்திருந்தேன். அவற்றை எடுத்த இடத்தில் இப்போது பனி இல்லை, பாறையும் சேறும்தான். மறுபடி போய் எடுத்துவரலாம் என்ற பேச்சே கிடையாது.

அக்னி நட்சத்திரத்தில் ஃப்ரீசர் படுத்துவிட்டது. "பார்ட்ஸ் சென்னையிலேர்ந்து வரணுங்க" என்றார் மெக்கானிக், நான் ஏதோ ஊறுகாய் ஜாடிக்கு மூடி கேட்டதுபோல. அவரை அறையலாம் போலிருந்தது. தில்லை நகர் ஆஸ்பத்திரிகளில் கேட்டேன். மருந்து வைக்கவே இடமில்லை என்றார்கள். கடைசியில் தெர்மாகோல் பெட்டியோடு ஆட்டோ பிடித்து அரியமங்கலத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு ஓடினேன். மீன் வண்டிக்கும் ஜூஸ் கடைக்கும் ஐஸ் பார் போடுகிற இடம். முதலாளிக்கு நான் வைத்த ஐஸ் கொஞ்சநஞ்சமல்ல.

இமயமலை என்றதும் மனிதர் செருப்பைக் கழற்றினார். "கைலாசத்துப் பனிங்களா?" என்று கேட்டு, இரண்டு கையாலும் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"உருகக் கூடாதுங்க. அது ஒண்ணுதான்" என்றேன்.

"என் பொறுப்பும்மா. நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

காலையில் போனபோது அவர் வாசலிலேயே நின்றிருந்தார். "நல்லவேளை மேடம், ராத்திரி பிரிச்சுப் பாத்தேன். நம்ம ரூம் குளிர் அதுக்குப் பத்தலை, பாதி கரைஞ்சுபோச்சு. அரைகுறையா விட்டா பார் நிக்காதுங்க. அதான் மிச்சத்தையும் கரைச்சு, எல்லாப் பையையும் பார் போடுற ஒரே கேன்ல ஊத்தி உறைய வச்சுட்டேன். ஒரு சொட்டு வீணாக்கலை."

அந்த ஐஸ் பாரை வெளியே எடுத்துக் காட்டினார். விரிசல் இல்லை, குமிழி இல்லை. அதன் வழியாக எதிர்ச்சுவரின் காரை பெயர்ந்த இடம்கூடத் தெரிந்தது.

கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? அவர் ராத்திரி வீட்டுக்கே போகவில்லை, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. உருகக் கூடாது என்று கேட்டேன், இதோ உருகாமல் நிற்கிறது. "ரொம்ப நல்லா பண்ணியிருக்கீங்க" என்றேன்.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேலையாட்களை எல்லாம் கூப்பிட்டுச் சுற்றி நிற்கவைத்தார்.

"இது எத்தனை வருஷத்துப் பனின்னு இவங்ககிட்ட சொல்லுங்க மேடம்."

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"நேத்து ராத்திரி உறைஞ்சதுங்க" என்றேன்.