தம்பியின் மூக்கும் என் மாசிப் புகையும்

கடற்கரையில் பிறந்தும், வள்ளத்தில் ஏறினால் வாந்தியெடுக்கும் உடம்பை வென்றான். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தை மூன்றாம் தடவையில் வென்றான். துபாய் ஓட்டலில் தட்டு கழுவப் போனவன், ஆறே வருடத்தில் அங்கே பாரில் மது ஊற்றும் இடத்துக்கு வந்தான். கடைசியாக, கொரோனா கொண்டுபோன மூக்கையும் மீட்டான். மணவாளக்குறிச்சிக்காரனான என் தம்பி டெல்வின் வென்றவை இவை. மூக்கு விஷயத்தில் எனக்கும் சிறு பங்கு உண்டு.

2021 மே மாதம் விடுமுறையில் வந்திருந்தபோது கொரோனா வந்து அவனுக்கு மணம் தெரியாமல் போயிற்று. ஓட்டலில் புதிய மதுக்களைச் சுவைத்துத் தேர்வு செய்யும் வேலை அவனுக்காகக் காத்திருந்தது. மூக்கு சரியானால் மட்டும் வரச் சொன்னார்கள். அக்டோபர் வரை கெடு.

அவனிடம் ஒரு குப்பி ஸ்காட்ச் இருந்தது. அவனுக்கு உயிரான சரக்கு. ஏதோ தீவில் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காயவைத்துச் செய்வதாம். சனிக்கிழமைதோறும் காலை பதினொன்றுக்கு இரண்டு கரண்டி ஊற்றி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு முகர்வான். ஒன்பது சனிக்கிழமை ஒன்றுமில்லை. வெந்நீர்போல இருக்கிறதென்று முகம் வாடுவான்.

பத்தாவது சனிக்கிழமை துள்ளினான். "அக்கா, வந்துட்டு! புகை மணக்கு!"

"ஏலே, பின்னால பாரு."

கொல்லையில் தேங்காய் மட்டைத் தொண்டு எரித்து, மாசிக் கருவாட்டுக்காகச் சூரை மீனைப் புகைபோட்டிருந்தேன். அவன் முகம் தொங்கிப்போனது.

"கூறுகெட்டவனே, எது மணந்தா என்ன? மூக்கு வந்துட்டுல்லா!"

"ரெண்டையும் பிரிச்சுச் சொன்னாத்தான் வேலை, அக்கா."

அவன் மனைவி பிரிஜா துண்டால் அவன் கண்ணைக் கட்டினாள். நான் இரண்டில் ஒன்றை நீட்டினேன். நெடுநேரம் முகர்ந்தான்.

"ஸ்காட்ச். பதினாறு வருஷப் பழசு."

"வியாழக்கிழமை பிடிச்ச சூரைலே அது!"

பிரிஜா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் தினமும் பத்துத் தடவை சோதித்தோம். நான் ஒரு தாளில் சரியும் தப்பும் குறித்தேன். நாலு, ஆறு, ஐந்து, எட்டு என்று ஏறி இறங்கி, இருபத்திரண்டாம் நாள் பத்துக்குப் பத்து.

"மாசியில மீனெண்ணெய் பின்னால வருது. இதுல மழையில நனைஞ்ச கரி," என்றான். பிறகு மெல்ல, "மொதல்ல குடிச்சப்பவே இது ஏன் பிடிச்சுதுன்னு இப்பதான் தெரியுது. நம்ம கொல்லை மணம்."

"அப்போ வெள்ளைக்காரன் எனக்க மாசியைத்தான் குப்பியில அடைச்சு விக்கான்!"

அக்டோபரில் போனான். ஓட்டலின் மதுப் பதிவேட்டைப் படம் எடுத்து அனுப்பினான். அதுவரை 'பரிமாறியவர்' கட்டத்தில்தான் அவன் பெயர் இருக்கும். 'சுவைத்தவர்' கட்டத்தில் டெல்வின் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 8-11-2021, திங்கட்கிழமை.