அட்சதை தூவ எழுந்தபோது

உத்திரமேரூர் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுவதை, மணப்பெண்ணின் அண்ணன் துபாயிலிருந்தே பார்க்க, மேடை எதிரே லேப்டாப் வைத்து வீடியோ கால் ஏற்பாடு செய்தவன் நான். முந்தின நாள் காலி மண்டபத்தில் வைஃபை சிக்னலை மூலைக்கு மூலை அளந்தேன், எங்குமே குறையவில்லை.

கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதையோடு எல்லாரும் எழுந்தார்கள். திரையில் அண்ணன் முகம் அப்படியே நின்றுவிட்டது.

“இன்னாப்பா, எம்புள்ள மூஞ்சி அசையாம கீது?” என்று மணமேடையிலிருந்து பெண்ணின் அம்மா பதறினார்.

வைஃபை பெட்டி வாசலில் இருந்தது, நடுவே கூட்டம். மனித உடம்பும் சிக்னலை மறைக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் ஏறி, லேப்டாப்பை மேடை பார்த்தபடி தலைக்கு மேல் தூக்கினேன். மூன்றாவது முடிச்சு விழும்போது அம்மா கத்தினார்: “எம்புள்ள வந்துட்டாம்பா, அழுவுறான்!”

இப்போதெல்லாம் பெட்டியை ஆள் உயரத்துக்கு மேலே மாட்டுகிறேன். முந்தின மாலை வரவேற்பில் கூட்டம் நிற்கும்போதுதான் அளக்கிறேன். காலி மண்டபத்தில் யாருக்கும் கல்யாணம் நடப்பதில்லையே!