அண்ணன் வண்டியிலிருந்து இறங்கிய விதம்

1. தை மாதத்தில், சென்ட்ரல் பக்கத்துப் பழைய புத்தகக் கடை ஒன்றில் அண்ணன் ஒரு வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் பத்திரிகையை வாங்கினான்.

2. தார்ச்சாலை, மண் இரண்டிலும் ஓடுகிற வண்டிக்கு ‘டூயல் ஸ்போர்ட்’ என்று பெயர் இருப்பதை அதில் படித்துத் தெரிந்துகொண்டான்.

3. ஊத்துக்கோட்டை வரை தார், அதைத் தாண்டி மலையடிவாரம் வரை மண் என்று ஒரு பயணம் முடிவானது.

4. அப்பாவின் வண்டியில் நானும் வருகிறேன் என்றேன். முதலில் வண்டிகள் தயாராகட்டும், பிறகு பார்க்கலாம் என்றான்.

5. தயாராவதில் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

6. பன்னிரண்டாவது ஞாயிறு, குமணன்சாவடியில், அண்ணனால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை.

ஆறாவதை மட்டும் சொன்னால் போதும், வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அம்மாவின் கட்சி. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஒரு பாகம் அளவு தப்பி வந்தால், எந்தக் கட்டத்தில் தப்பியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. மெக்கானிக்கலில் டிப்ளமா முடித்துவிட்டு, அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். அண்ணன் இரண்டு தெரு தள்ளி ஒரு லேத் பட்டறையில் டர்னர்.

எஸ்டேட்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதையும் கடையில் வாங்க மாட்டார்கள், லேத்தில் கடைந்துகொள்வார்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியின் கொக்கி முகம் பார்க்கும் அளவுக்கு மின்னும். அப்பளக் குழவிகூட அண்ணனின் கைவேலைதான். இரும்பில் செய்திருந்தான். அம்மா அதை ஒரே ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவனிடம் ஒரு பைக்கும் ஒரு பத்திரிகையும் சேர்ந்தன. முதல் ஞாயிறு, கல் அடித்து இன்ஜின் உடையாமலிருக்க அடியில் ஒரு தகடு வைத்தான். தகடு என்று அவன் சொன்னது ஆறு மில்லிமீட்டர் பிளேட். லாரிக்கு வைத்தாலும் தாங்கும். மாட்டிய பிறகுதான், ஆயில் மாற்றுகிற போல்ட் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது தெரிந்தது. பிளேட்டைக் கழற்றி ஓட்டை போட ஒரு ஞாயிறு. தண்ணீரில் இறங்கினால் சைலன்சர் நனையக் கூடாதென்று அதை மேலே தூக்கிக் கட்ட இரண்டு ஞாயிறு. அந்த வருடம் ஊத்துக்கோட்டைப் பக்கம் மாடு குடிக்கவே தண்ணீர் இல்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. இன்ஸ்பெக்‌ஷன் தாளின் பின்பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, உபரி டியூப், பிளக், கிளட்ச் கேபிள், குடிக்கத் தண்ணீர் என்று இருபத்திரண்டு வரிகள். அப்பாவின் வண்டிக்கு அத்தனையையும் ஒரே ஞாயிற்றில் முடித்துவிட்டேன். அப்பா தொழிற்சாலைக்கு சைக்கிளில் போகிறவர். வண்டி வாரத்தில் ஆறு நாள் துணிபோர்த்திக் கிடக்கும். வெள்ளானூர் ஏரி வற்றிய மாதங்களில் ஏரி மண்ணில் நான் அந்த வண்டியைத்தான் ஓட்டிப் பழகியிருந்தேன். வேண்டியது அண்ணனின் சம்மதம் மட்டும்தான். தனியாக அவ்வளவு தூரம் போக வீட்டில் விடமாட்டார்கள்.

அண்ணன் அப்பாவின் வண்டியைச் சுற்றிவந்து டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தான். “இது ரோட்டு வண்டி. மண்ணுல நிக்காது” என்றான்.

வெள்ளானூர் பால்காரர் இதைவிடச் சின்ன வண்டியில், இரண்டு பக்கமும் பால் கேன்களைத் தொங்கவிட்டு, லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு, தினமும் காலையில் ஏரி மண்ணைக் கடந்துதான் குவார்ட்டர்ஸுக்கு வருகிறார். அவருக்கு டூயல் ஸ்போர்ட் என்றால் என்னவென்று தெரியாது, அதனால்தான் போகிறார் போலிருக்கிறது. இதை அண்ணனிடம் சொன்னேன். பால்காரர் போவது வேறு, ‘ரைடு’ என்பது வேறு என்று விளக்கினான். என்ன வேறு என்று சொல்லவில்லை.

ஏழாவது ஞாயிறுதான் விஷயம் தப்பிய கட்டம். பத்திரிகையில் இருந்த வண்டி உயரமாக இருந்தது. நம் வண்டியும் உயர வேண்டும் என்று பின்பக்க ஷாக் அப்சார்பருக்கு மூன்று அங்குலத்துக்கு இரும்பில் நீட்டல் கடைந்து மாட்டினான். முன்பக்கத்தையும் அதற்கேற்ப உயர்த்தினான். வேலை சுத்தம். நானே அளந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் முடியளவு வித்தியாசமில்லை. அதோடு விட்டிருக்கலாம். பூந்தமல்லியில் சீட் தைக்கிற பாய் அவனுடைய கூட்டாளி. பள்ளத்தில் விழுந்து எழும்போது இடுப்பு நோகக் கூடாதென்று அவர் தன் பங்குக்கு இரண்டு அங்குலம் ஃபோம் ஏற்றினார்.

பத்திரிகைப் படத்தில் அந்த வண்டிமேல் இருந்தவருக்கு ஆறடிக்கு மேல் இருக்கும். அண்ணனுக்கு ஐந்தடி நான்கு. வண்டியின் அளவுகளையெல்லாம் அட்டவணை போட்டிருந்தவர்கள் அவர் உயரத்தைப் போடவில்லை.

என் பட்டியலில் இரண்டு வரிகள் சேர்த்து அண்ணனிடம் கொடுத்தேன். இருபத்து மூன்று: ஸ்டாண்டின் நீளம் பார்க்கவும். இருபத்து நான்கு: ஓட்டுபவரின் கால் நீளம் பார்க்கவும். பட்டறையில் அந்தத் தாள் கைமாறிக் கைமாறிப் போனது. இரண்டு நாள் சிரித்தார்கள். “காலுக்கும் ரிஜெக்‌ஷன் சீட்டு ஒட்டுவியா?” என்று அண்ணன் கேட்டான். கேட்டுவிட்டுத் தாளை மடித்து ஸ்பேனர் பெட்டியில் போட்டான்.

அவன் சிரித்ததற்கும் காரணம் இருந்தது. பட்டறை வாசலில் லாரியில் சரக்கு ஏற்றுகிற மேடை ஒன்று உண்டு. வண்டி அதை ஒட்டித்தான் நிற்கும், மேடைமேல் சாய்ந்தபடி. அண்ணன் மேடையிலிருந்து காலைத் தூக்கிப்போட்டு ஏறுவான், எஸ்டேட்டை நான்கு சுற்றுச் சுற்றுவான், திரும்பி வந்து மேடையிலேயே இறங்குவான். ஐந்து வாரம் ஓட்டிப்பார்த்த வண்டியில் அவன் கால் ஒருமுறைகூடத் தரையைத் தொடவில்லை. இது அவனுக்கே தெரியாது.

பன்னிரண்டாவது ஞாயிறு வெள்ளோட்டம். ஆவடி வழியாகப் பூந்தமல்லி, குமணன்சாவடியில் டீ, அங்கிருந்து மாங்காட்டுக் கோயிலில் ஒரு கும்பிடு. வெள்ளோட்டத்துக்கு மட்டும் அப்பாவின் வண்டியில் பின்னால் வரலாம் என்று எனக்கு அனுமதி கிடைத்தது. வழியில் எங்கும் நிற்க வேண்டி வரவில்லை. குமணன்சாவடி முனையில் போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார்.

அண்ணன் பிரேக் போட்டான். இடது காலை நீட்டினான். கீழே ஒன்றும் இல்லை. சாய ஆரம்பித்தவன் பக்கத்தில் நின்றிருந்த பஸ்ஸின் ஜன்னல் கம்பியை எட்டிப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் தலையை வெளியே நீட்டினார்.

“இன்னா நைனா, டிக்கெட் எடுக்காம கம்பியப் புட்சிகினு வர்ற?”

காவலர் கையை இறக்கினார், பஸ் கிளம்பியது, அண்ணனும் கிளம்பவேண்டியதாயிற்று. டீக்கடைக்கு எதிரே லாரிகள் நிறுத்துகிற காலி இடம் இருந்தது. அதற்குள் நுழைந்து வட்டமடிக்கத் தொடங்கினான். ஓரத்துச் சுவரில் வண்டியைச் சாய்த்திருக்கலாம். புதிதாக அடித்த பெயின்ட் போய்விடுமே.

பாய் கையில் இரண்டு கிளாஸோடு கடை வாசலில் காத்திருந்தார். “சூப்பரா கீது மாமே. நிறுத்து, டீ ஆறுது” என்றார்.

“நிறுத்த முடியாதுடா” என்றபடி அண்ணன் அவரைக் கடந்து போனான்.

பாய் அதைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டார். “இன்னா பந்தா காட்றான் பாரு தங்கச்சி.”

நான் அப்பாவின் வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தினேன். நின்றது. பிறகு காலி இடத்தின் ஓரம் போய் நின்றேன். மூன்றாவது சுற்றில் அண்ணன், வந்து வண்டியைப் பிடிக்கச் சொன்னான்.

“மலைக்கு நானும் வரேன். மண் ரோடு முழுக்க நான் ஓட்டுவேன்” என்றேன். அதற்குள் போய்விட்டான். பதிலுக்கு ஒரு சுற்று காத்திருந்தேன்.

நான்காவதில், “அதை அப்புறம் பேசிக்கலாம்” என்றான்.

“சரி. அப்புறமே புடிக்கிறேன்.”

ஐந்தாவதில் முகம் வேர்த்திருந்தது. “சரி, வா. புடி.”

ஹேண்டிலை நானும் பின்கம்பியை பாயும் பிடித்தோம். கடையில் பால் கேன் வைக்கிற மரப்பெட்டியை பாய் காலால் தள்ளிக்கொடுத்தார். மாப்பிள்ளை குதிரையிலிருந்து இறங்குவதுபோல அண்ணன் அதன்மேல் காலை வைத்து இறங்கினான். டீ ஆறியிருந்தது. ஒரே மூச்சில் குடித்தான். வண்டியை யாராவது பிடித்துக்கொண்டே நிற்கவேண்டியிருந்ததால் மாங்காட்டுக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வண்டி ஓடும்போது கொடுத்த வாக்கு செல்லாது என்றான். ஸ்டாண்டை நீட்டியபிறகு பார்க்கலாம் என்றான். ஸ்டாண்டு நீண்டது. பிறகு செயின் எங்கோ உரசுகிறது என்றான். கால் விஷயம் பேச்சிலேயே வரவில்லை. இரண்டு ஞாயிறு பார்த்துவிட்டு, மூன்றாவது ஞாயிறு அப்பா சாப்பாட்டுக் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். “ஊத்துக்கோட்டை தாண்டினதும் கொஞ்சம் மெதுவாப் போ, சாம்பார் இருக்கு” என்றார். வேறு நிபந்தனை எதுவும் போடவில்லை.

இப்போதைய நிலவரம்: அப்பாவின் வண்டி மலையடிவாரம் வரை இரண்டு முறை போய்த் திரும்பியிருக்கிறது. இரண்டு முறையும் மண் சாலை முழுக்க நான்தான் ஓட்டினேன். ஒரு பஞ்சர், ஒரு கிளட்ச் கேபிள்; இரண்டுமே பட்டியலில் இருந்தவை. அண்ணனின் வண்டி பட்டறை மேடையில் சாய்ந்து நிற்கிறது. அண்ணன் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறான்.