இரவல் துளி

கீழ்த்தள ஆய்வகத்து அக்கா, மாடி ஆய்வகத்திலிருந்து எதையோ சுட்டுவிட்டாராம். கட்டடம் முழுக்க இதே பேச்சு. நான் விசாரிக்கப் போனபோது, விரல்நுனி அளவுக் குழாய் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, புது மருமகளை அளக்கும் மாமியாரின் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருட்டா? இரவல்ங்க! ஒரே ஒரு துளி. பக்கத்து வீட்டுல தயிருக்கு உறைமோர் வாங்குறதில்லையா?"

சரியாகத்தான் சொன்னார். மூளையில் ஒரு புரதம் கோணலாக மடிந்து இழை இழையாகத் திரண்டால் மறதி நோய். கோணலானதில் ஒரு துளி கலந்தால் போதும், நல்ல புரதங்களும் அதே கோணலுக்குப் போய்விடும். அந்த இழைகளை வளர்த்து, பெரிய நுண்ணோக்கியில் படமெடுப்பதுதான் இங்கே பிழைப்பு. யாருடைய இழை முதலில் படத்தில் தெளிகிறதோ, கட்டுரையில் அவர் பெயர் முதலில்.

அக்கா உயிர்வேதியியல். மாடியில் இருப்பவர் இயற்பியல். படம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர், போன வருடம் தானும் வளர்க்கத் தொடங்கினார். அவருடைய இழைகள் வாரிவிட்ட கூந்தலாக நீண்டன. அக்காவுடையவை கிழிந்த தலையணைப் பஞ்சு.

"துளி எடுக்கிற பைப்பெட்டைப் பேனா மாதிரி பிடிக்கிற ஆளு! அவனுக்கு வளருது, எனக்கு வளரலையாம்."

அக்காவின் வீட்டுக்காரர் வெள்ளந்தி. மாடிப் படத்தைப் பார்த்து, "அழகா இருக்கே" என்று சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து அவருக்கு இரண்டாவது காபி கிடையாது.

அந்த நீளத்தின் சூட்சுமம் அறியத்தான் இரவல் வாங்கினார். வந்த துளி சும்மா இருக்கவில்லை. கையுறை வழியோ காற்று வழியோ, எல்லாக் குழாய்களுக்கும் தொற்றிவிட்டது. இப்போது எதை வளர்த்தாலும் கூந்தல்தான்.

"சோறு போட்டு வளர்க்கிறது நான். நடக்கிறதெல்லாம் அவன் நடை! என் புரதம்கூட கட்சி மாறிடுச்சுங்க."

வாசலில் செருப்புச் சத்தம். மாடிக்காரரே வந்துவிட்டார். முகம் வாடியிருந்தது.

"அக்கா, ராத்திரி ஃப்ரீசர் நின்னுபோய் என்கிட்ட இருந்தது எல்லாம் வீணாப்போச்சு. நாளைக்கு மைக்ரோஸ்கோப் என் முறை. நான் குடுத்ததுல ஒரு துளி திருப்பித் தந்தீங்கன்னா போதும்க்கா."

"அய்யோ, தம்பி! இன்னும் வளரவே இல்லையே. வளர்ந்ததும் நானே மேல கொண்டுவந்து தர்றேன்."

"எப்பக்கா?"

"வளரட்டும்ப்பா."

அவருடைய கோட்டுக் காலர் ஒரு பக்கம் கோணியிருந்தது. அக்கா ஒரு கையால் அதைப் பாசமாக நேராக்கி மடித்துவிட்டார். மறு கை, நிறைந்த குழாய்களின் தட்டைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தது.