போர்டை உடைத்தவன்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. லேப்டாப் போர்டில் கருகிப்போன ஐசி, அறுந்த டிராக், ஷார்ட் என்று பார்த்து, கெட்ட பாகத்தை மட்டும் எடுத்து மாற்றிக் கொடுப்பேன். பொம்பளையா இதைச் செய்கிறாள் என்று இன்றும் சிலர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு முதல் நாள் அம்மையார்குப்பத்திலிருந்து ஒருத்தி வந்தாள். வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. இவள் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே பில் என்ட்ரி போடுகிறாள். துப்பட்டாவில் சுற்றியிருந்த லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள். ஒரு மூலை நசுங்கியிருந்தது.

"கீழ விழுந்துச்சாம்மா?"

"ஆங்க்கா. விழுந்துச்சு."

மூடிமேல் செருப்புத் தடம் இருந்தது. துணியால் துடைத்துவிட்டு, திருகுகளைக் கழற்றிப் போர்டை வெளியே எடுத்தேன்.

சார்ஜர் போட்டால் அசைவே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தேன். மெயின் லைன் ஷார்ட். பலமாக அடிபட்டால் கெப்பாசிட்டர் ஏதாவது விரிசல் விட்டு இப்படி ஆகும். போர்டில் ஸ்பிரிட் தடவி, ஒரு வோல்ட் மட்டும் கரண்ட் விட்டேன். கெட்டுப்போன பாகம் சூடாகும். அதன்மேல் ஸ்பிரிட் முதலில் காயும். அரிசி மணியைவிடச் சின்னதாக ஒன்று காய்ந்தது. அனல்காற்று ஊதும் ஹாட் ஏர் கன்னால் சூடுகாட்டிக் கழற்றியதும் ஷார்ட் போய்விட்டது. சார்ஜரைச் செருகினேன். லைட் எரிந்தது.

"வந்துடுச்சு. புதுசு ஒண்ணு வெச்சிட்டா முடிஞ்சுது" என்று சார்ஜரைப் பிடுங்கிவிட்டு மறுபடி கன்னை எடுத்தேன். அவள் சிரித்தாள். உதட்டுக்கு உள்பக்கம் தையல் தெரிந்தது.

அப்போதுதான் அவள் புருஷன் உள்ளே வந்தான்.

"யாரைக் கேட்டு எடுத்துகினு வந்த?"

"வேலைக்கு லாகின் பண்ணணும்..."

"எவன்கூட பேசிகினு கீறன்னு எனக்குத் தெரியாதா?"

என் முன்னால் இருந்த போர்டை எடுத்து மேசை விளிம்பில் வைத்து முறித்தான். பிறகு அவள் முடியைப் பிடித்து முகத்தைக் கண்ணாடி ஷோகேஸில் மோதினான். கண்ணாடி உள்ளே நொறுங்கி விழுந்தது. சார்ஜர்கள்மேல் ரத்தம் கொட்டியது. முடியை விடாமல் தூக்கி மறுபடி மோதினான்.

நான் கத்தினேன். தெருவில் பம்பை அடித்துக்கொண்டு காவடிக் கூட்டம் போனதால் யார் காதிலும் விழவில்லை. அவன் மறுபடியும் தலையைத் தூக்கினான். கன் என் கையில் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் மூக்கை அவன் மணிக்கட்டில் வைத்து அழுத்தினேன். தோல் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் அலறினான்.

அவளை விட்டுவிட்டு என் முகத்தில் குத்தினான். ஒரு பல் உடைந்தது. தரையில் சரிந்து கிடந்த பெண்டாட்டியை விலாவில் மிதித்தான். பக்கத்து டீக்கடைக்காரர் இரண்டு பேரோடு ஓடிவந்து அவனைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும்வரை மிதித்துக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு நானும் அவளும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அவனை அதற்குள் அங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருந்தார்கள். எஸ்.ஐ. அம்மா அவளிடம்தான் முதலில் கேட்டார்.

"வழுக்கி கண்ணாடி மேல விழுந்துட்டேங்க."

எனக்கு அவளையே அறைய வேண்டும் போலிருந்தது. அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. வெந்த கையை நீட்டினான். "சும்மா நின்னவன இந்தப் பொம்பள சுட்டுட்டாங்க. கேஸ் போடுங்க."

அவள் என் வீங்கிய வாயைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"நான் விழலீங்க. இவர்தான் மோதினாரு. முந்தாநாள் லேப்டாப்பால என் மூஞ்சில அடிச்சதும் இவர்தான். அக்கா சுடலன்னா இன்னிக்கு என்னைக் கொன்னுருப்பாரு."

அவனை உள்ளே தள்ளினார்கள். கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்துவிட்டான். அவள் திரும்பிப் போகவில்லை. பள்ளிப்பட்டில் அண்ணன் வீட்டில் தங்கிவிட்டாள். போர்டு நடுவில் முறிந்திருந்தது. உள்ளே அடுக்கடுக்காக ஓடும் லைன்கள் அறுந்தபின் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அதே மாடல் பழைய போர்டு ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தேன்.

அதை வாங்கிக்கொள்ள அண்ணனோடு வந்தாள். ஆன் செய்து பார்த்தாள். அண்ணன் பஸ் பார்க்க வெளியே போனதும் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, அவர் அலறினாரே, அப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"ஏன்?"

"எனக்கு நல்லா இருந்துச்சுக்கா."

"எனக்கும்தான்" என்றேன்.

அண்ணன் வாசலில் நின்று கூப்பிட்டார். அவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.