எண் போனது, பெயர் போகவில்லை

என் கணவர் கத்தாருக்குப் போகும் முன் அட்டனில் எங்கள் வீட்டுக் கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸைப் போட்டுவிட்டுப் போனார். வைரஸ் வராது என்றார். பள்ளிக்கூடத்து வினாத்தாள்களைத் தட்டவும், வெள்ளிக்கிழமைகளில் அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்கு அது போதுமாயிருந்தது.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. இணையக் கம்பனி எதையெல்லாமோ மாற்றியது. ஒரு வியாழக்கிழமை புது மோடத்தோடு ஒருவர் வந்தார். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டி, தன் மடிக்கணினியில் ஒரு பத்திரிகைப் பக்கத்தைத் திறந்து காட்டினார். என் கணினியில் ஒன்றும் திறக்கவில்லை. திரையில் ஸ்டார்ட் பொத்தானைத் தேடினார், அது இல்லை. லைன் நல்லாயிருக்கிறது, கணினியில்தான் கோளாறு, விண்டோஸ் போடுங்கள் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு ஈரக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மோடத்தில் எல்லா விளக்குகளும் பச்சை. கம்பியைக் கழற்றி மாட்டினேன். கணினியை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். கம்பனியின் உதவி இலக்கத்தில் பேசிய பெண்ணும் ஸ்டார்ட்டை அழுத்தச் சொன்னாள். அது என்னிடம் இல்லை என்றதும், அப்படியானால் தங்களால் உதவ முடியாது என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் என்னைத் திரையில் காணாமல் என் கணவர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நீ எதையாச்சும் தொட்டியா?"

"நான் ஒன்னும் தொடலைங்க. அவங்க வந்து மோடத்த மாத்திட்டுப் போனாங்க."

"மோடத்த மாத்துனா இப்படி ஆகாதே."

சுருக்கென்றது. அதைவிட மோசம், எதைத் தொட்டேன் என்று நானே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

கறுப்புத் திரை ஒன்றைத் திறக்க வைத்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார், நான் தட்டினேன். முதலில் வெறும் எண்கள். உடனே வரிவரியாகப் பதில் வந்தது. பிறகு ஓர் இணையதளத்தின் பெயர். அப்படி ஒரு பெயரே தெரியாது என்றது கணினி. ஒரே கம்பிதான். எண் போகிறது, பெயர் போகவில்லை. அவருக்கும் பிடிபடவில்லை என்பது அவர் மூச்சிலேயே தெரிந்தது.

கடைசியில் ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னார். அதில் இரண்டு எண் வரிசைகள் இருந்தன. மேலே ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ் வரி. வாசித்தேன்.

"'இது நான் போட்டது, மாத்த வேணாம்'னு இருக்குங்க."

இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"அது நான் எழுதுனதுதான்," என்றார்.

பெயருக்கு உரிய எண்ணைத் தேடித்தரும் இயந்திரங்களின் முகவரிகளாம் அவை. எப்போதோ தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். மோடத்தை மாற்றியபோதே கம்பனி அந்தப் பழைய இயந்திரங்களை மூடிவிட்டது. இவரோ எழுதியதையே மறந்துவிட்டார். அந்த எண்களை அழித்து, மோடத்தின் எண்ணைப் போடச் சொன்னார். பக்கம் திறந்தது.

அன்று மாலை திரையில் வந்தார். தொட்டியா என்று கேட்டதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பெயர் ஏன் போகவில்லை என்பதை டெலிபோன் புத்தகத்தை உதாரணம் காட்டி இரண்டு தரம் விளக்கினார். இரண்டாம் தரம் புரிந்தது என்றேன். புரியவில்லை. ஆள் மெலிந்திருந்தார், நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.